அத்தையின் சம்பங்கி

மகள் சம்பங்கித் தண்டுகளின் அடியை நறுக்கி, கண்ணாடி ஜாடியில் ஒவ்வொன்றாக நிறுத்துகிறாள். அந்த வாசனை என்னை ஆரம்பாக்கத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறது.

கணவனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, பூந்தோட்டத்துக் கூலிவேலை முடிந்து வரும்போது சில தண்டுகளைக் கொண்டுவருவாள். உயரம் பார்த்து வெட்டி, சொம்புத் தண்ணீரில் நிறுத்தி, ஜன்னலில் வைப்பாள்.

ஒருநாள் அப்பா கேட்டார்: "தலையில வெக்க முடியலன்னு ஊட்டுக்கு வெச்சிக்கினு கீறியா?"

"ஊட்டுக்கு இன்னும் புருஷன் சாவலியேண்ணா," என்றாள் அத்தை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "எடுத்துக் குப்பையில போட்றா."

பயத்தில் போட்டேன். ஆனால் அடுத்த வாரம் அவள் மறுபடி வைத்தபோது அப்பா வீட்டிலேயே இல்லை. நானாகவே எடுத்து எறிந்தேன். வகுப்பில் முதல் மாணவனான எனக்கு, எது முறை என்று தெரியுமாம். அதன்பின் அத்தை பூ கொண்டுவரவே இல்லை.

என் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் எதைத் தொடலாம், எதை முகரலாம் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

மகள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "கட்டிலாண்ட வெக்கட்டாப்பா? வாசனையா இருக்கும், நல்லா தூங்குவீங்க."