ரங்கி ஓட்டிய பஸ்

கார்ட்டூனுக்குக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் ஜோக்குக்குத் தாங்களே முதலில் சிரித்துவிடுவார்கள். பல நேரம் கடைசியாகச் சிரிப்பவர்களும் அவர்கள்தான். ஏதாவது ஒரு குழந்தைக்குக் கதை சொல்லப் போய், "அப்புறம்? ஏன்?" என்று மாட்டிக்கொண்டவராக இருந்தால் நீங்களும் என் கட்சி.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரி. வீட்டில் பவர்லூம். எனக்கு மட்டும் திருப்பதியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் டி.வி. தொடர் எழுதும் வேலை. ரங்கி என்று ஓர் எருமை பஸ் ஓட்டும். பயணிகளெல்லாம் மிருகங்கள், பூச்சிகள். முதல் கதை பிள்ளைகளுக்குப் பிடித்தால்தான் தொடர், இல்லாவிட்டால் கிடையாது என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். கிடையாது என்றால் ஸ்டூடியோவுக்கே பூட்டு, ஆறு பேருக்கு வேலை போகும்.

சிரிக்காத வகுப்பு

விஜயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினோம். கதை இதுதான்: நரி பஸ்ஸில் ஏறி எல்லோரையும் வம்புக்கு இழுக்கும், கடைசியில் சேற்றில் விழும். வரிக்கு ஒரு ஜோக் வைத்திருந்தேன். ஒருத்தர் பல்லும் வெளியே தெரியவில்லை. நரி சேற்றில் விழுந்தபோது நான் மட்டும் சிரித்தேன், டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஆரம்பத்தில் சீட்டுக்காக நரி ஓர் எறும்பை பஸ்ஸிலிருந்து தள்ளிவிடும். இரண்டு விநாடி வரும் காட்சி. எழுதின எனக்கே மறந்துவிட்டது. வகுப்பு மொத்தமும் அந்த எறும்போடு ரோட்டிலேயே இறங்கிவிட்டிருக்கிறது. அவள் கேட்டாள்: "அக்கா, அந்த எறும்பு வூட்டுக்குப் போய்டுச்சா, இன்னும் அங்கியே நின்னுக்கினு கீதா?"

எருமை அழுத நாள்

கதையைத் திருப்பி எழுதினேன். எறும்பு விழுந்தது தெரிந்ததும் ரங்கி பஸ்ஸைத் திருப்பி வழியெல்லாம் தேடுவாள், முதலில் கிடைக்காமல் அழுவாள். எருமை எப்படி அழும் என்று படம் வரைகிற லோகேஷ் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எழுதினவளே நடித்துக் காட்டட்டும் என்று டைரக்டர் மாதவி மேடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தரையில் கை, கால் ஊன்றி, தலையில் இரண்டு அட்டைக் காதோடு நான் கதறினேன். மூன்று பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்தால் வாசலில் நைனா. நூல் வாங்கத் திருப்பதி வந்தவர், மகளின் ஆபீசைப் பார்க்கலாம் என்று முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வந்தார். "எருமை அளும்போது காது இப்டி நிமிந்துக்கினு நிக்காதும்மா, தொங்கிப்பூடும். இன்னொரு தபா செய்."

கத்த வராத நரி

நரிக்குக் குரல் கொடுத்தவர் சுப்பராயுடு. திருமலையில் கூட்டத்தில் தொலைந்தவர்களுக்காக மைக்கில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர். ஆண்டுக்கணக்கில் பயந்தவர்களைச் சமாதானப்படுத்திய குரல் அது. எறும்பைப் பார்த்து "எறங்குடா கீழ" என்று அவர் மிரட்டினால், பத்திரமாக இறங்குங்கள் என்று சொல்வதுபோல் இருந்தது. பதினோரு முறை எடுத்தோம். மாதவி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கோபம் காட்டுங்களேன் என்று நான் கெஞ்சினேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார். நரி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை. தெலுங்கும் தமிழுமாக அவர் சொன்னது என்னை மறுபடி பேனா எடுக்க வைத்தது: "சூடம்மா, இங்க பாரும்மா, எறங்குற எடம் தெரியாதவன்தான் பக்கத்துல இருக்குறவன் மேல கத்திக்கினு இருப்பான். நான் நெறைய பேரைப் பாத்துட்டேன்."

கரண்ட் போன முடிவு

மறுபடியும் அதே பள்ளிக்கூடம். இந்த முறை சேனல் அதிகாரி சென்னையிலிருந்து வந்து, பேனாவும் படிவமுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எறும்பு கிடைத்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் புறாக்கள் பறந்தன. அப்புறம் கடைசி ஸ்டாப். எல்லோரும் இறங்கிப் போக, எங்கே போவதென்று தெரியாமல் நரி மட்டும் சீட்டில். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. நரியை எங்கே கூட்டிப்போவது என்று அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டில் கோழி இருக்கிறதாம், நரி சரிப்படாதாம். இன்னொருவனுக்கு நரி தறிச் சத்தத்தில் தூங்காதே என்று கவலை. கடைசியில் நாற்பது பேரும் திரும்பி அதிகாரியைப் பார்த்தார்கள். கோழி இல்லை, தறியும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். கேட்கச் சொன்னார்கள். போனை எடுத்தார், ஆனால் கூப்பிட்டது மேலதிகாரியை. "சார், தொடருக்கு ஓகே சொல்லிடுங்க. இல்ல சார், முடிவை நான் இன்னும் பாக்கல. ஆனா நரி எங்க வீட்டுக்குத்தான் வருது."

இப்போது ஒவ்வொரு வாரமும் டி.வி.யில் 'கதை' என்ற வார்த்தைக்கு நேரே என் பெயர் மட்டும் ஓடுகிறது. எறும்பைக் கேட்ட பெண்ணோ, நைனாவோ, சுப்பராயுடுவோ இதுவரை தட்டிக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.