செக்கிங் மேடம் ஒட்டிய சிவப்பு அம்பு

என் மடிக்கணினியின் மூடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சாயம் வெளுத்து ரோஸாகிவிட்டது. பனியன் கம்பெனிகளில் துணியில் ஓட்டையோ தையல் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதேதான். இதை ஒட்டியவர், நான் திருப்பூரில் முதன்முதலாக வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்த்த செக்கிங் மேடம். அந்த அம்மாவைக் கண்டாலே அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்மார்ட்போன் எல்லாம் வராத காலம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தன் ஆர்டர் துணி பின்னும் நிட்டிங்கில் இருக்கிறதா, சாயம் போடும் டையிங்கில் இருக்கிறதா என்று அங்கிருந்தே பார்க்க ஒரு வெப்சைட் செய்வதற்காக என்னை எடுத்திருந்தார்கள். பையர் நேரில் வரும் நாளில் அது சரியாக ஓடாவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எழுதி முடித்து முதலாளியிடம் காட்டினேன். அவர் திரையைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. "நம்ம கம்பெனிய விட்டு எது வெளிய போனாலும் மேடம் கையெழுத்து வேணுமுங்க. இதுவும் வெளிய போறதுதானுங்களே?" என்றார்.

மேடம் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். என் மானிட்டரில் பக்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். ஆமாம், டேப்பை வைத்துத்தான்! பட்டன்களைக்கூட விடவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு பேக்கிங் செக்‌ஷனில் கிடந்த பழைய சின்ன மானிட்டருக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே திறந்தால் பக்கத்தின் வலது ஓரம் வெளியே போய்விட்டது. பையர் அழுத்த வேண்டிய பட்டனையே காணோம். மானிட்டர் கண்ணாடியின் மேலேயே ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார்.

"ஏனுங்க சார், எல் சைஸ் மட்டும் தெச்சுப்போட்டு அத்தன பேரையும் போடச் சொன்னா எப்படீங்க?"

"திரை மாறினா அப்படித்தான் மேடம் தெரியும்."

"பையர் எந்தக் கம்ப்யூட்டர்ல பாப்பாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது.

பக்கத்தின் அகலத்தை ஒரே எண்ணாக எழுதி வைத்திருந்தேன். அதையெல்லாம் பிரித்து, திரையில் இத்தனை சதவீதம் என்று மாற்றி எழுதினேன். மறுபடியும் ரிஜெக்ட். அலுவலகத்தில் ஒரு மானிட்டர் பாக்கியில்லை, எல்லாவற்றுக்கும் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். மனதுக்குள் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கடைசியில், பையர் வருவதற்கு முதல் நாள்தான் கையெழுத்துப் போட்டார்.

வந்த பையர் என் மானிட்டரைச் சீந்தவே இல்லை. பையிலிருந்து ஒரு குட்டி மடிக்கணினியை எடுத்தார். பக்கம் அச்சாக உட்கார்ந்தது, பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை தப்பித்தது! இனி அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் போன பிறகு மேடம் என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் என் சட்டையில் பச்சக்கென்று ஓர் அம்பை ஒட்டினார். "வெப்சைட்டு ஓகேங்க. சட்டை பட்டனுதான் ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கறீங்க. ஆளு ரிஜெக்ட்."

அந்தக் கோலத்தில்தான் பையர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

இப்போது என்னோடு வேலை செய்பவர்கள், எல்லாத் திரைக்கும் பொருந்தும்படி எழுதுவதற்குப் பெரிய பெரிய பெயர்களெல்லாம் சொல்கிறார்கள். நான் அலுவலகத்தில் யாரிடம் இருப்பதிலேயே சின்ன போன் இருக்கிறதோ, அதை வாங்கித் திறந்து பார்ப்பேன். வெளியே அனுப்பும் முன் ஒருமுறை, அன்று சட்டையிலிருந்து உரித்து எடுத்து வைத்து இப்போது மூடியில் ஒட்டியிருக்கும் அந்த அம்பைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தடவிக்கொள்வேன். நேற்றும் ஒரு பட்டன் தள்ளித்தான் போட்டிருந்தேன்.