மாமனாரின் பல்செட்டும் முக்குளிப்பானும்

வாரத்தில் ஆறு நாள் அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆளே வேறு. முகத்தில் நீச்சல் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய், கையில் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் என்று ஆற்றுக்குள் இறங்கிவிடுவார். தலை உள்ளே போகும், வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். தெருவே அவரை முக்குளிப்பான் என்றுதான் கூப்பிட்டது.

மணலாக இருந்தால் யாரும் அள்ளிவிடலாம். அந்த ஆற்று வளைவு முழுக்கப் பாறை. இடுக்கில் விழுந்த பொருள் கோபித்துக்கொண்ட பெண்டாட்டி மாதிரி. பிடித்து இழுத்தால் இன்னும் உள்ளே போய்விடும். கல்லை அசைக்காமல் உள்ளங்கையால் விசிறி விசிறி மண்ணை விலக்க வேண்டும். தண்ணீர் கலங்கிக் கண் தெரியாது. விரலில் தட்டுப்படுவதையெல்லாம் அப்படியே இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். இல்லாவிட்டால் அதே குப்பை திரும்பத் திரும்ப 'கீங்' என்று கத்தி உயிரை வாங்கும்.

இத்தனை வித்தைக்கும் கிடைத்தது சோடா மூடிதான். வீட்டில் வாளி வாளியாக நிறைந்து கிடந்தது.

"இன்னைக்கு உருப்படியா ஒரு பொருள் வரலைன்னா, இந்த மெஷின் பழைய இரும்புக் கடைக்குத்தான். அப்பா அம்மா சாட்சி," என்றாள், அந்த ஞாயிறு தன் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கே வந்துவிட்ட மனைவி.

அவர் மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டார். தாலி கட்டும்போதுகூட வராத கண்ணீர் அன்று வந்தது.

முதல் முழுக்கில் எழுந்தவர், கரையோரப் பாறையில் நின்ற மாமனாரின் காலடியில் பையைக் கவிழ்த்தார். ஏழு மூடிகள்.

"மாப்ளே! ஒரு கடையே வச்சிடலாம் போலிருக்கே!" மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில், கம்பி வைத்த பல்செட் வாயிலிருந்து துள்ளி, ஆற்றில் விழுந்து, பாறை இடுக்குக்குள் போய்விட்டது.

சிரிப்பு நின்றது. மாமனாரின் வாய் சுருக்குப்பை மாதிரி சுருங்கியது.

முக்குளிப்பான் பாய்ந்தார். கீங்! அந்த இடுக்குதான். விசிறினார், துழாவினார், அள்ளிப் பையில் போட்டார். மறுபடி மெஷினை வைத்தார். சத்தமே இல்லை! ஐயோ, இன்னும் ஆழமாக நழுவிவிட்டதே! அசைக்கவே கூடாத கற்களையெல்லாம் பெயர்த்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கியும் ஒன்றும் அகப்படவில்லை.

தள்ளாடிக் கரையேறி, மெஷினை மனைவியின் காலடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. என் கண்ணு முன்னாடி மட்டும் விக்காதே."

அவள் முந்தானையால் அதன் ஈரத்தைத் துடைத்தாள். மெஷினைத் தூக்கித் தோளில் சாய்க்கப் போனாள். அது அவர் இடுப்பைக் கடந்தபோது வீறிட்டது. கீஈஈங்!

"பையைத்தான் கொட்டியாச்சே?" என்றாள்.

"அப்புறம் அள்ளினது ஏதாவது மூடியா இருக்கும்," என்று கையை விட்டவர், "அம்மா!" என்று அலறினார். வெளியே வந்த விரலில் மாமனாரின் பல்செட் கவ்விக்கொண்டு தொங்கியது.

மாமனார் பிடுங்கி, அலசி, மாட்டிக்கொண்டார். மூவரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மருமகனின் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, போன வருஷம் என் மூக்குக்கண்ணாடியும் இங்கதான் விழுந்துச்சு. இரும்பு ஃபிரேம். கொஞ்சம் பாருங்களேன்."

குரல் போதுமான அளவு தாழவில்லை.

"என்னது?" கரையில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். "நான் மேல உக்காந்து நொறுக்கிட்டேன்னு சொந்தக்காரங்க வீடு வீடாப் போய்ச் சொன்னீங்களே!"

மாமனார் பின்வாங்கினார். பின்னால் ஆறு.

மாமியார் மகளின் தோளிலிருந்த மெஷினை வாங்கி, இரண்டு கைகளாலும் மருமகனிடம் கொடுத்தார்.

"இது உங்க வீட்டை விட்டு எங்கயும் போகாது. இறங்குங்க மாப்பிள்ளை. இந்த மனுஷன் இன்னும் என்னென்ன தொலைச்சிட்டு என் தலையில போட்டாரோ, எல்லாத்தையும் எடுங்க!"

முக்குளிப்பான் மூச்சுக்குழாயைக் கவ்வினார். குதிக்கும் முன், பையை ஒருமுறை கவிழ்த்து உதறிக்கொண்டார்.