செருமும் குழந்தையின் அம்மா

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். மடியில் ஐந்து வயது மகள். குழந்தை ஓயாமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. அது செருமும்போதெல்லாம் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பாவுக்குச் சளியாம்மா?" என்று கேட்டேன்.

"சளியும் இல்ல, அலர்ஜியும் இல்லைங்க. வயித்துப் புளிப்பு மேல வருதோன்னு அதுக்கும் மருந்து குடுத்துப் பாத்தாங்க. இன்னிக்குப் பாத்த டாக்டரு, இது தானா வர்றது, கொயந்த வேணும்னு பண்ணலன்றாரு. பண்ணாதன்னு சொல்லாம, யாரும் கண்டுக்காம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம்."

"நல்ல சேதிதானே?"

"ஒரே ரூம் வூடுங்க. இந்தச் சத்தம் கேட்டாலே அவங்கப்பாவுக்கு ஆவாது. அதட்டிக்கினே இருப்பாரு. அடிச்சும் பாத்துட்டாரு. கண்டுக்காதன்னு சொன்னா, இதச் சொல்ல ஒரு டாக்டரான்னு கேப்பாரு."

திண்டிவனம் நெருங்கியது. அவள் குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டு, "அப்பா எதிர்ல மட்டும் பண்ணாத கண்ணு, இன்னா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் எதைச் சொல்லக் கூடாது என்றாரோ அதையே சொல்லிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

குழந்தை உதட்டை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தது. பிறகு பஸ் நிற்கும்வரை விடாமல் செருமியது.

கூட்டத்தோடு இருவரும் இறங்கிப் போனார்கள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் நானாக இருந்தாலும், அதைத்தான் சொல்லியிருப்பேன்.