நுனிக்கால்

நடன விழாவில் பாலே பார்க்கத் தனியாகப் போயிருந்தேன். பெண்கள் நுனிக்காலில் ஓசையில்லாமல் மேடைக்கு வந்தார்கள். பறவை மாதிரி இருப்பதாகப் பக்கத்து இருக்கையில் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ, உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்றுதான் தோன்றியது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவார். டீசல் மணக்கும் சட்டை ஆணியில் தொங்கும். பலகைத் தரை லேசாக மிதித்தாலே முனகும்.

"மெல்ல லா, குதிகாலை ஊனாத. அப்பா இப்பதான் கண்ணசந்தாரு" என்பாள் அம்மா. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் நுனிக்காலில்தான் நடப்பாள். அப்பா காலமான பிறகும் பகலில் அப்படியேதான் நடந்தாள்.

ஆட்டம் முடிந்து வந்து, இப்போது அம்மாவும் இல்லாத வீட்டின் பூட்டைத் திறந்தேன். வேண்டுமென்றே குதிகாலை அழுத்தி ஊன்றி அறை அறையாக நடந்தேன். யாரும் விழித்துக்கொள்ளவில்லை.