மர்ஷூதாவின் 2.96

கணித ஆசிரியரே இல்லாத வருடத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், 161 புள்ளி. வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் ஆகுமுன் எழுதிய சாதாரண தரத்தில் எட்டு ஏ, ஒரு பி. புத்தளத்துக் கரைத்தீவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் படித்த உயர்தரத்தில் இரண்டு ஏ, ஒரு பி. எங்கள் குடும்பத்தின் முதல் பல்கலைக்கழக அனுமதி. இவ்வளவையும் வென்றவள் என் தங்கை மர்ஷூதா. நான் எட்டாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன். அவளுடைய தாள்கள் எல்லாம் திகதி வாரியாக என் அலுமாரியில் இருக்கின்றன.

வாப்பாவுக்குப் பின் அவளுடைய படிவங்களை நிரப்புவது என் வேலை. பாதுகாவலர் இடத்தில் ஒப்பமிடுவேன். அவள் படித்துக்கொண்டிருந்தால் அவள் இடத்திலும் நானே இடுவேன். ஊர்ப் பாடசாலையில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பட்டத்துக்கு முப்பது பாடங்கள், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட். ஏ என்றால் நான்கு புள்ளி, சி என்றால் இரண்டு. புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, தொண்ணூறால் வகுக்க வேண்டும். 3.00 வந்தால் வகுப்புச் சித்தி. வகுப்புச் சித்தி உள்ளவர்களையே அவளுடைய துறை தற்காலிக விரிவுரையாளராக எடுக்கும். அவளுக்கு அந்த வேலைதான் வேண்டியிருந்தது.

இரண்டாம் வருடப் பரீட்சையில், ஒரு பாடம் மிச்சமிருக்க, டெங்கு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பரீட்சைக்கு வராததற்குக் காரணம் காட்டி, வைத்தியச் சான்றிதழோடு ஒரு வாரத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும். நான் ஒரு எழுத்தும் பிழையில்லாமல் நிரப்பினேன். மாணவர் ஒப்பம் என்ற இடத்தில், வழமைபோல, அவள் பெயரை எழுதினேன்.

மூன்று வாரத்தில் மறுத்துக் கடிதம் வந்தது. இருவரும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம்.

“இது யார் வெச்ச சைன்?” என்று எழுதுவினைஞர் கேட்டார்.

“நான்தான் சேர். அவ ஆஸ்பத்திரியில கெடந்தா.”

“அப்ப சோதினையையும் நீங்களே எழுதியிருக்கலாமே, நானா.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வெளியே வந்ததும் மர்ஷூதா கேட்டாள்.

“கட்டிலுக்குப் பக்கத்துலதானே காக்கா இருந்தீங்க. பேனையத் தந்திருந்தா வெச்சிருப்பேனே.”

“கையில ஊசி ஏத்தி இருந்திச்சே புள்ள.”

“அது இடது கை, காக்கா.”

காரணமின்றி வராதவள் என்று பதிந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே பாடத்தை எழுதி எழுபத்தெட்டு எடுத்தாள். அது ஏ. ஆனால் காரணமின்றி வராமல் மீளத் தோற்றியவருக்கு எவ்வளவு எடுத்தாலும் சி தான்.

மற்ற இருபத்தொன்பது பாடங்களும் சேர்ந்து 260.1. ஏ கொடுத்திருந்தால் 272.1, அதாவது 3.02. பி பிளஸ், அதாவது 3.3 புள்ளி, கொடுத்திருந்தால்கூடச் சரியாக 270. சி கொடுத்ததால் 266.1. எத்தனை தரம் வகுத்தாலும் 2.96 தான் வருகிறது. மேன்முறையீடு எழுதினோம், அவளே ஒப்பமிட்டாள். விதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அலுமாரியில் வைக்கும்போது, அவளுடைய அடையாள அட்டை விண்ணப்பத்தின் பிரதி அகப்பட்டது. வாப்பா உயிரோடு இருந்த காலம், அவளுக்கு வயது பதினைந்து. கோட்டுக்கு வெளியே போகாத, தெளிவான ஒப்பம். மர்ஷூதா தன் பெயரை முதன்முதல் ஒப்பமிட்ட திகதி 2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.