தார்நாகாவில் ஒரு கறுப்புக் கட்டம்

சென்ற ஜனவரியில் நானும் என் கூடப்பிறந்த முருகேசன் அண்ணனும் ராஜபாளையத்திலிருந்து ஹைதராபாத் போய்வந்தோம். சார்மினார் பார்க்கவில்லை, பிரியாணி பற்றியும் எழுதப்போவதில்லை. வீட்டில் யாருக்காவது பரம்பரையாக விழித்திரை நோய் இருந்து, அதற்காக அங்கே போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணனுக்குச் சிறுவயதில் மாலைக்கண் மாதிரித் தொடங்கியது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். ஜவுளிக்கடையைத் துணி தடவிப் பார்த்தே நடத்துகிறார். அவருடைய கல்யாணத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, ஓர் ஆராய்ச்சி மாணவி ஹைதராபாத்திலிருந்து வந்து எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார். மாப்பிள்ளையையும் விடவில்லை. "மொய் எழுதுற இடத்துல வந்து ஊசி குத்துதாளே" என்று சித்தப்பா சத்தம் போட்டார்.

அந்த மாணவிதான் வசந்தா. செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அன்று தொடங்கிய விழித்திரை ஆராய்ச்சியை அவர் விடவே இல்லை. எங்கள் குடும்பத்தில் ஓடும் மரபணுக் கோளாறு எது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். நாங்கள் போன ஜனவரிக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார்.

எங்களுக்கு அவசரம் வேறு. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் மகள் கயலும் அண்ணன் மகன் பிரபுவும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். முறைப்பிள்ளைகள்தான், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அண்ணனிடமிருந்து பிரபுவுக்கு அந்தக் கோளாறு ஒரு பங்கு கட்டாயம் வந்திருக்கும். அவன் கண்ணுக்கு அதனால் கெடுதல் இல்லை. கயலிடமும் அது இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. கயல் ரத்தம் கொடுத்திருந்தாள். முடிவை நேரில் சொல்வதாக வசந்தா சொல்லியிருந்தார்.

சென்னையிலிருந்து மாலை ரயில் பிடித்தால் காலையில் செகந்திராபாத். பார்வைக் குறைபாட்டுச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் தார்நாகா அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மெட்ரோவும் போகிறது. நாங்கள் ஆட்டோ பிடித்தோம்.

"தார்நாகா? ஹவ், பைட்டோ. தோ சௌ."

"என்ன சொல்லுதாரு?" என்றார் அண்ணன்.

"ஏறி உக்காரச் சொல்லுதாரு. இருநூறாம்ணே."

"ஊரப் பாக்கப்போறது நீ மட்டும்தான. பாதி குடு போதும்."

நூற்றைம்பதுக்குப் படிந்தது.

ஆராய்ச்சிக்கூட வாசலில் கயல் காத்திருந்தாள். வசந்தாவின் அறையில் பாதிப் பொருள்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. சுவரில் எங்கள் குடும்ப மரம் மட்டும் இருந்தது: ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், சொந்தத்துக்குள் நடந்த கல்யாணங்களுக்கு இரட்டைக் கோடு. எங்கள் குடும்பத்தில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"இதுல நான் எங்க இருக்கேன் டாக்டரம்மா?"

வசந்தா அண்ணனின் விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தார். "இங்க. நோய் இருக்கிறவங்களுக்குக் கறுப்பு அடிப்போம். கறுப்புக் கட்டம்."

"ஊர்ல என்னச் செவப்புன்னுல்லா சொல்லுவாங்க" என்றார் அண்ணன். கயல் சிரித்தாள். வசந்தா சிரிக்கவில்லை.

"கயல், உன்கிட்டேயும் ஒரு பங்கு இருக்கும்மா" என்றார். "பிரபுவைக் கல்யாணம் பண்ணிட்டா, ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளைக்கு நோய் வர நாலுல ஒரு வாய்ப்பு. கர்ப்பத்துலயே டெஸ்ட் பண்ணிப் பார்க்க வழி இருக்கு."

"ஐயோ, அப்போ பிள்ள எங்க அண்ணன் மாதிரி ஆயிருமா?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் சுவரிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஏன் செல்வி, என்ன மாதிரிப் பொறந்தா அவ்வளவு மோசமா?"

அவர் வசந்தா பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, என்ன மாதிரி இன்னொண்ணு பொறக்கக் கூடாதுங்கதுக்குத்தான் இத்தன வருசம் உழைச்சீங்களா?"

வசந்தா நாற்காலியை இழுத்து அவர் அருகில் உட்கார்ந்தார். "இல்ல சார். உங்களுக்குப் பார்வை வரணும்னுதான் ஆரம்பிச்சேன். உங்க கல்யாணத்துல உங்ககிட்டேயே சொன்னேன், சீக்கிரம் மருந்து வரும்னு. வேற சில ஜீனுக்கு வந்திருச்சு. உங்களோடதுக்கு என்னால முடியல."

அண்ணன் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருடமாகக் கண் தெரியாத மனிதர், அவருக்கு ஆறுதல் சொன்னார். "இருக்கட்டும்மா. எங்கள மறக்காம இருந்தீங்கள்ல."

கயல் அழுதுகொண்டிருந்தாள். "மாமா, நான் யோசிக்கணும்."

"யோசி தாயி. பயந்து முடிவு பண்ணாத. எம்மேல உள்ள பாசத்துலயும் முடிவு பண்ணாத."

கயல் இன்னும் முடிவு சொல்லவில்லை. பிரபு அவசரப்படுத்தவில்லை. நாங்களும் கேட்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பழைய மருத்துவ அறிக்கைகளை எடுத்துப்போங்கள். யார் யாரைக் கட்டினார்கள் என்று தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் ரயிலிலேயே யோசித்து வையுங்கள். நான் கேட்டதை மட்டும் கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், முதலில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். அவரால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.